விரியன் கடித்து வீங்கிய கால்: கீறியது சரியா, கீறாமல் விட்டது சரியா?

மன்னார்குடி_சம்பா எழுதியது:

வணக்கம். எங்கள் ஊரில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது தீர்த்து வையுங்கள்.

தை மாதம் சம்பா அறுவடையின்போது எங்கள் பெரியப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. கணுக்காலுக்குச் சற்று மேலே. நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அன்று ராத்திரிக்குள் கால் தொடை வரை வீங்கிவிட்டது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, ரத்தம் கட்டிய கருப்புக் கொப்புளங்கள் கிளம்பின. சர்ஜன் வந்து பார்த்தார், எலும்பு டாக்டரும் பார்த்தார். "இப்போது கத்தி வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். பிறகு சிறுநீர் குறைந்து டயாலிசிஸும் செய்ய வேண்டியதாகிவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிறார். வீக்கம் வடிந்துவிட்டது, கடிவாயில் மட்டும் புண்.

அதே சமயத்தில் மேலத்தெருவில் கல்லூரி படிக்கும் பையன் ஒருவனையும் விரியன் கடித்தது. அவனைத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதல் ராத்திரியே முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாகக் கீறிவிட்டார்கள். அப்புறம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இப்போது பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து இழுத்து நடக்கிறான்.

ஊர்ப்பேச்சு என்னவென்றால், பையனுக்குக் கால் தப்பியதே உடனே கீறியதால்தானாம். "உன் பெரியப்பாவைச் சும்மா போட்டு வைத்திருந்தார்கள்" என்கிறார்கள். "அன்றைக்கே கீறி விஷத்தை வெளியே விட்டிருந்தால் கிட்னி கெட்டிருக்காதோ" என்று பெரியம்மா தினமும் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

---

தாலுகா_டூட்டி எழுதியது:

தம்பி, பெரியம்மாவின் கேள்விக்கு முதலில் பதில். கீறினால் விஷம் வெளியே வராது. பல் பட்ட நேரத்திலிருந்தே அது நிணநீர்க் குழாய்கள் வழியாகவும் ரத்தத்திலும் உடம்புக்குள் போக ஆரம்பித்துவிடும். ராத்திரி ஆஸ்பத்திரியில் திறக்கும்போது காலிலிருந்து ஊற்றுவது ரத்தமும் நீரும்தான். கிட்னி கெட்டது விஷத்தின் நேரடி வேலை. ரத்த அழுத்தம் இறங்குவது, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ரத்தம் உறைந்து அடைப்பது, உடைந்த செல்களின் சக்கை வடிகட்டியில் தங்குவது என்று பல காரணம் சேர்ந்து நடக்கும். அதற்கும் காலில் கத்தி வைக்காததற்கும் சம்பந்தமில்லை.

இனி கால். முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு அறையையும் ஃபேசியா என்ற கெட்டியான உறை சுற்றியிருக்கிறது. அந்த உறை விரிந்து கொடுக்காது. இறுகத் தைத்த சாக்குக்குள் நெல் ஊறி உப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தசை வீங்கினால் அழுத்தம் ஏறி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, தசையும் நரம்பும் ரத்தமில்லாமல் சாகத் தொடங்கும். இதற்குப் பெயர் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். உறையை நீளவாக்கில் வெட்டித் திறந்துவிடுவது ஃபேசியாட்டமி. பையனுக்குச் செய்தது அதுதான்.

லாரி ஏறி எலும்பு நொறுங்கிய காலுக்கு இது கண்கண்ட வைத்தியம். பாம்புக்கடியில் கதை வேறு. விரியனின் பல் பெரும்பாலும் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புப் படலத்தோடு நின்றுவிடும். வீக்கத்தின் பெரும்பங்கு அங்கேதான், அதாவது உறைக்கு வெளியே. கால் இரண்டு மடங்கு ஆகிவிடும், தொட்டால் கெட்டியாக இருக்கும், சில்லென்றிருக்கும், வீக்கத்தால் பாதத்தில் நாடி கைக்குத் தட்டுப்படாது. பார்த்தால் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் மாதிரியே இருக்கும். உறைக்குள் ஊசி விட்டு அளந்து பார்த்தால் பலருக்கு அழுத்தம் சாதாரணமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோதான் இருக்கும். டாப்ளர் கருவி வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட காலைக் கீறுவது தேவையில்லாத வெட்டு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பையன் காலில் கயிறு ஏதாவது கட்டியிருந்தார்களா?

---

மன்னார்குடி_சம்பா எழுதியது:

ஆமாம் சார். வைக்கோல் கட்டும் நைலான் கயிறு. முழங்காலுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. முதலில் பக்கத்து ஊரில் பச்சிலை கொடுப்பவரிடம் போய்விட்டு, அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கயிறு எப்படியும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கும் என்று அவன் அண்ணன் சொல்கிறான். பெரியப்பாவுக்கு யாரும் கட்டவில்லை, கட்ட அவர் விடவில்லை.

---

தாலுகா_டூட்டி எழுதியது:

அப்படியானால் இரண்டு காலையும் ஒப்பிடவே முடியாது. நைலான் கயிறு ஒரு பக்கம் ரத்தத்தை நிறுத்தும், இன்னொரு பக்கம் விஷத்தை ஒரே இடத்தில் தேக்கி அந்தத் தசையைக் கரைக்கும். முழங்காலின் வெளிப்பக்கம், பிபுலா எலும்பின் தலைக்கு அருகே, பாதத்தைத் தூக்க வைக்கும் நரம்பு தோலுக்குச் சற்று அடியிலேயே ஓடுகிறது. கயிறு சரியாக அந்த இடத்தில் இறுகினால் நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிவிடும். பையன் இழுத்து நடப்பதற்குக் கயிறு காரணமா, உள்ளே ஏறிய அழுத்தமா, கத்தியா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் என் சந்தேகம் முதலில் கயிற்றின் மேல்தான்.

---

எலும்பு_முறிவுக்காரன் எழுதியது:

நான் எலும்பு சர்ஜன். மேலே டூட்டி டாக்டர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு "பாம்புக்கடிக்குக் கத்தியே கூடாது" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

உண்மையான கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் பாம்புக்கடியில் அபூர்வம்தான், ஆனால் இல்லாமல் இல்லை. குழந்தையின் மெல்லிய காலில் பல் தசை வரை இறங்கிவிடும். கீழ்க்காலின் முன்பக்கம், கணைக்கால் எலும்பை ஒட்டிய தசை அறை சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடும். விரல் நுனியில் கடித்தால் அங்கே விரிய இடமே கிடையாது. இவற்றில் உள் அழுத்தம் நிஜமாகவே ஏறும். ரத்தம் போகாத தசை ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் மீள முடியாத நிலைக்குப் போய்விடும். அப்புறம் அது நாராகச் சுருங்கி, கையோ காலோ மடங்கியபடியே நின்றுவிடும். முன்கையில் வந்தால் அதை வோக்மன் சுருக்கம் என்போம். விரல்கள் உள்ளே மடங்கிய அப்படி ஒரு கையோடு பத்து வயதுப் பிள்ளை வந்து உட்காரும்போது "காத்திருந்தது சரிதான்" என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கடித்த இடத்துக்குப் பொருந்தாத அளவு வலி. அதுவும் நேரம் ஆக ஆகக் கூடும். நோயாளியை அசைய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டாக்டர் தன் கையால் கால் பெருவிரலைக் கீழ்ப்பக்கம் மடக்கும்போது முன்காலில் உயிர் போகும் வலி. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் தொடுஉணர்வு குறைவது. அப்புறம் விரலை அசைக்க முடியாமல் போவது. நாடி நின்றுபோவது கடைசியில் வரும் அறிகுறி, அதற்காகக் காத்திருந்தால் கால் போய்விடும்.

பாம்புக்கடியில் சிக்கல் எங்கே என்றால், கடியே பயங்கரமாக வலிக்கும். வீக்கத்தில் தோல் இழுத்துப் பிடித்திருப்பதால் எங்கே தொட்டாலும் கத்துவார்கள். ஆகவே கையை மட்டும் நம்ப முடியாது, அளக்க வேண்டும். சாதாரணமாக உள்ளே 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். என் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது, 30-ஐத் தாண்டினாலோ, கீழ் ரத்த அழுத்தத்துக்கும் உள் அழுத்தத்துக்கும் இடைவெளி 30-க்குக் குறைந்தாலோ திற.

---

தாலுகா_டூட்டி எழுதியது:

அந்த 30 அடிபட்ட கால்களில் வந்த கணக்கு சார். தென்கிழக்கு ஆசியப் பாம்புக்கடிக்கான 2016 உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு 40-க்கு மேல் என்று வைத்திருக்கிறது. அதுவும் அறிகுறியும் இருந்து, அளவும் இருந்து, ரத்தம் உறையும் தன்மையும் சரியான பிறகுதான் கத்தி.

இந்தக் கடைசி நிபந்தனை எனக்கு மிக முக்கியம். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தில் உள்ள 5ஆம், 10ஆம் உறைகாரணிகளைக் கண்டபடி தூண்டிவிடும். உறையும் சரக்கெல்லாம் செலவாகித் தீர்ந்து, கடைசியில் ரத்தம் உறையவே உறையாது. அந்த ரத்தத்தோடு முழங்கால் முதல் கணுக்கால் வரை இரண்டு வெட்டு போட்டால் என்ன ஆகும்? மூட்டை மூட்டையாகப் பஞ்சு நனையும், பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்ற வேண்டிவரும். வெட்டாலேயே நோயாளி போய்விடலாம். எனவே முதலில் விஷமுறிவு. உறைகாரணிகளைக் கல்லீரல் திரும்பச் செய்ய ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேண்டும். ஆறு மணிக்கு ஒரு தடவை ரத்தத்தைச் சோதிப்பது அதனால்தான்.

இடைவெளிக் கணக்கில் உங்களோடு உடன்படுகிறேன். 40 என்ற ஒற்றை எண்ணைவிட அது உடம்பின் நிலையைச் சொல்கிறது. கீழ் அழுத்தம் 80, உள்ளே 35 என்றால் 45 இடைவெளி இருக்கிறது, காத்திருக்கலாம். அதே 35 ரத்த அழுத்தம் விழுந்து ஷாக்கில் இருப்பவரிடம், கீழ் அழுத்தம் 50-இல் இருந்தால் இடைவெளி 15தான். அங்கே முதல் வேலை திரவம் கொடுத்து ரத்த அழுத்தத்தைத் தூக்குவது.

---

எலும்பு_முறிவுக்காரன் எழுதியது:

ஷாக்கை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதில் சண்டை இல்லை. 40 வரை காத்திரு என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை, குழந்தையாக இருந்தால் 30-க்கே கத்தியை எடுத்துவிடுவேன். ஆனால் நடைமுறையில் பாதி இடத்தில் அளப்பதே இல்லை. கண்ணால் பார்த்து ஒருவர் கீறுகிறார், கண்ணால் பார்த்து இன்னொருவர் விடுகிறார். இரண்டுமே சூதாட்டம்தான். கருவி இல்லை என்பது சாக்கு. ஐசியுவில் தமனி அழுத்தம் பார்க்கும் டிரான்ஸ்டியூசர் இருந்தால் அதில் ஒரு ஊசியை மாட்டினால் போதும். அதுவும் இல்லையா, பாதரச பிபி கருவி, மூன்று வழிக் குழாய், சலைன், சிரிஞ்ச் போதும். ஊசியைத் தசை அறைக்குள் விட்டு, குழாயில் நிற்கும் சலைன் உள்ளே நகரத் தொடங்கும் கணத்தில் பாதரசம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். வைட்சைட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் சொல்லிக்கொடுத்த பழைய முறை. துல்லியம் கொஞ்சம் குறைவு, ஆனால் கண் மதிப்பைவிட ஆயிரம் மடங்கு மேல்.

---

ஆல்மரத்தடி எழுதியது:

எல்லாம் சரி, எங்கள் தாத்தா காலத்தில் கடிவாயைக் கீறி உறிஞ்சித் துப்பிவிட்டுப் பச்சிலை அரைத்துக் கட்டுவார்கள். எத்தனையோ பேர் பிழைத்தார்களே?

---

வார்டு_சிஸ்டர் எழுதியது:

பிழைத்தவர்களில் நிறையப் பேரை விஷமில்லாத பாம்பு கடித்திருக்கும், அல்லது விஷப்பாம்பு விஷம் இறக்காமல் வெறுங்கடி கடித்திருக்கும். அவர்களுக்கு எதைக் கட்டினாலும் பிழைப்பார்கள் ஐயா. விரியன் கடியில் பிளேடால் கீறிய இடத்திலிருந்து நிற்காமல் ரத்தம் வடிந்தபடி வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். உறிஞ்சிய வாயிலிருந்து கிருமி வேறு.

வார்டில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், வீட்டுக்காரர்களுக்கும் உதவும். ஆள் வந்ததும் மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல், அரைஞாண், இறுக்கமான பேன்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்று அழும் அம்மாக்கள் உண்டு. விரல் வீங்கிய பிறகு மெட்டியே சுருக்குக் கயிறாகிவிடும், கட்டர் போட்டு வெட்ட வேண்டிவரும். வழியிலேயே, ஆம்புலன்ஸிலேயே கழற்றிவிடுங்கள்.

வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுவோம். இஞ்ச் டேப்பால் இரண்டு காலையும் ஒரே இடத்தில் சுற்றளவு எடுப்போம். டாக்டர் மாறி டூட்டி மாறி வந்தாலும் அந்தக் கோடு உண்மையைச் சொல்லிவிடும். "வீக்கம் ஏறுதா சிஸ்டர்?" என்ற கேள்விக்கு ஞாபகத்திலிருந்து பதில் சொல்லக் கூடாது.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்க 20 நிமிடச் சோதனை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாய் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது, நல்ல ரத்தம்கூட அதில் உறையாது. புது ஆட்கள் அவசரத்தில் குழாயை எடுத்து எடுத்து ஆட்டிப் பார்ப்பார்கள், அதுவும் தப்பு.

கொப்புளத்தை வீட்டுக்காரர்கள் குத்திவிடக் கூடாது. இடுப்பில் ஊசி கேட்காதீர்கள், உறையாத ரத்தத்தில் தசைக்குள் ஊசி போட்டால் அங்கே ரத்தம் கட்டிக்கொள்ளும். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசியைக்கூட ரத்தம் உறைய ஆரம்பித்த பிறகுதான் போடுவோம். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை. மெடிக்கலில் வாங்கித் தரும் டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வகைகள் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவும் கூடும், கிட்னிக்கும் கெடுதல்.

---

மன்னார்குடி_சம்பா எழுதியது:

சிஸ்டர், கயிறு கட்டிவிட்டால் உடனே அவிழ்த்துவிட வேண்டுமா? பெரியப்பாவைக் கொண்டுபோனபோது பக்கத்துக் கட்டிலில் கயிறோடு ஒருவர் வந்தார், டாக்டர் அதை உடனே அவிழ்க்கவில்லை. எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

---

தாலுகா_டூட்டி எழுதியது:

அது சரியான செயல்தான். முதலில் கட்டவே கூடாது. ஆனால் கட்டி நேரமாகிவிட்டது என்றால் நடுவழியில் சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் மொத்தமாக உடம்புக்குள் இறங்கும், ரத்த அழுத்தம் விழலாம், நல்ல பாம்பாக இருந்தால் மூச்சே நிற்கலாம். ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாயில் ஊசி போட்டு, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, டாக்டர் கண்முன்னால் அவிழ்க்க வேண்டும். அப்படி அவிழ்க்கத் தயாராகும் நேரம் நிமிடக் கணக்கில் இருக்க வேண்டும், மணிக்கணக்கில் இழுக்கக் கூடாது.

நீங்கள் வயலில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஓடவிடாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல ஒரு குச்சியோ அட்டையோ வைத்துக் காலை அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போங்கள்.

மருந்தின் அளவைப் பற்றியும் ஊரில் வதந்தி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் இறக்குகிறது. நம் விஷமுறிவு மருந்து 1 மில்லி அந்த விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு குப்பி 10 மில்லி, அதாவது 6 மில்லிகிராம். எனவேதான் ஆரம்பமே 10 குப்பி. "பத்துப் பாட்டில் ஏற்றிவிட்டான், காசு பார்க்கிறான்" என்று சண்டைக்கு வருவார்கள். குழந்தைக்கும் அதே 10தான், பாம்பு ஆளைப் பார்த்து அளவைக் குறைத்துக் கடிப்பதில்லை. அரசு மருத்துவமனையில் இது இலவசம்.

காலைக் காப்பாற்றும் முதல் மருந்தும் இதுதான். சீக்கிரம் போட்டால் வீக்கம் மேலே ஏறுவது நிற்கும். ஏற்கனவே செத்த தசையையும் தோலையும் அது திருப்பித் தராது. தாமதத்தை ஈடுகட்டக் குப்பியைக் கூட்டிப் பயனில்லை.

---

இருள்_வேட்டை எழுதியது:

பாம்பு பிடித்து விடும் வேலை செய்கிறேன். எந்தப் பாம்பு என்பதைப் பொறுத்துக் காலின் கதையும் மாறும், அதைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

கட்டுவிரியன் கடித்த காலில் ஒன்றுமே தெரியாது. பல் அடையாளம்கூட இருக்காது. ராத்திரி தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், இமை தொங்கும். அங்கே கவலை மூச்சைப் பற்றித்தான். நல்ல பாம்பு இரண்டும் செய்யும். மூச்சையும் நிறுத்தும், கடித்த இடத்தில் தோலையும் கொல்லும். முதல் நாள் சாதாரண வீக்கம் போல இருந்துவிட்டு, இரண்டு மூன்று நாளில் நடுவில் கருத்து, சுற்றிலும் கொப்புளம் கிளம்பி, ஒரு வாடை வரும். உயிர் தப்பிவிட்டது என்று சந்தோஷப்படும் நேரத்தில் பாதத்தின் மேல்தோல் முழுக்கப் போய்விடும். சுருட்டை சின்னப் பாம்பு என்று அலட்சியம் செய்வார்கள், அதுவும் வீங்கவைத்து ரத்தத்தைக் கெடுக்கும்.

கண்ணாடி விரியனையும் சேர்த்து இந்த நான்கின் விஷத்தையும் எடுத்துக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தித்தான் மருந்து தயாராகிறது. அந்த விஷத்தில் பெரும்பங்கு 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியிலிருந்து போகிறது. 2023-இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்கள் கை படாத மருந்துக் குப்பி நாட்டில் குறைவு, சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் குழிவிரியன்கள் கடித்தால் இந்த மருந்து வேலை செய்யாது. அதில் அந்த விஷம் சேரவில்லை.

---

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். குழிவிரியன் பற்றிச் சொன்ன தம்பிக்கு நன்றி. எங்கள் நாட்டில் தென்பகுதியிலும் மலையகத்திலும் மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்த குழிவிரியன்தான் கூடுதலான ஆட்களைக் கடிக்கிறது. றப்பர் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் விரலில் கடி வாங்கிக்கொண்டு வருவார்கள். இங்கே பாவிக்கிற விஷமுறிவு மருந்தும் இந்தியாவிலிருந்து வருவதுதான், இதற்கு அது பலனில்லை. வீக்கம், கொப்புளம், சில பேருக்கு விரல் அழுகல், சில பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. மருந்தில்லாத கடி என்றபடியால் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் முன்னர் கெதியாய்க் கத்தியை எடுத்துவிடுவார்கள். இப்போது கையை உயர்த்தி வைத்து, அளந்து பார்த்துப் பொறுமையாய் இருக்கிறவர்கள் கூட. விரல் நுனி மட்டும் விதிவிலக்கு, எலும்பு டொக்டர் மேலே சொன்னது போல.

எங்கள் பக்கம் வடக்கில் கண்ணாடி விரியனும் சுருட்டையும் எட்டடி விரியனும் (உங்கள் கட்டுவிரியன்) தான் பிரச்சினை. வைத்தியசாலைக்கு வரும்போது காலில் கயிறோடுதான் கனபேர் வருவார்கள். கடல் தாண்டினாலும் அந்தக் கயிறு மாறவில்லை.

---

எலும்பு_முறிவுக்காரன் எழுதியது:

தோல் கருத்துப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பாம்புக் கடியில் கருத்த இடத்தைப் பார்த்ததும் முதல் நாளே வெட்டித் தள்ளக் கூடாது. செத்ததும் உயிருள்ளதும் தெளிவாகப் பிரிந்து எல்லை தெரிய வேண்டும். அப்புறம் செத்ததை மட்டும் எடுத்து, அடியில் சிவப்பாகச் சதை வளர்ந்த பிறகு தோல் ஒட்ட வேண்டும். காலை எடுக்க வேண்டிய நிலை வருவது பெரும்பாலும் கயிற்றால் அழுகியவர்களுக்கும், புண்ணில் கிருமி ஏறித் தாமதமாக வருகிறவர்களுக்கும்தான். ஆன்டிபயாடிக்கை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டியதில்லை. சீழ், பரவும் சிவப்பு, செத்த தசை, யாராவது பிளேடு வைத்த காயம் இருந்தால் கொடுக்க வேண்டும்.

ஃபேசியாட்டமி செய்தே தீர வேண்டிய நோயாளியிடம் அரைகுறை வெட்டு உதவாது. தோலை மட்டும் அங்கங்கே கீறி "நீர் வடியட்டும்" என்று விடுவதைப் பார்த்திருக்கிறேன். உறையைத் திறக்காமல் தோலைக் கீறுவதால் நான்கு தசை அறைகளில் ஒன்றுக்குக்கூடப் பயனில்லை, கிருமிக்குக் கதவு திறந்ததுதான் மிச்சம்.

---

தாலுகா_டூட்டி எழுதியது:

இதை அப்படியே வழிமொழிகிறேன். பன்றிகளுக்கு அமெரிக்கக் குழிவிரியன் விஷத்தைத் தசைக்குள் செலுத்திச் செய்த ஆய்வில், ஃபேசியாட்டமி செய்த கால்களில் தசை அழிவு குறையவில்லை, கூடியது. விஷம் தசையை நேரடியாகவே கரைக்கிறது, அழுத்தம் அதற்கு மேல் சேரும் சுமை மட்டும்தான். அந்த விஷத்துக்கு மருந்து கொடுக்காமல் உறையை மட்டும் திறப்பதால் தசை காப்பாற்றப்படாது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

அரசுத் தரப்பில் ஒரு நல்ல செய்தி, 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. தனியாரும் எண்ணிக்கை கொடுக்க வேண்டும். ஆனால் செத்தவர், பிழைத்தவர் என்ற இரண்டு கட்டத்தோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது. உலகம் முழுக்க ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியில் இறக்கிறார்கள், அதைப் போல மூன்று மடங்குப் பேர் உறுப்பிழப்போடோ நிரந்தர ஊனத்தோடோ வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலத்தெருப் பையன் அந்த மூன்று மடங்கில் ஒருவன். நம் டிஸ்சார்ஜ் சீட்டில் அவன் "குணமடைந்தார்".

---

பிசியோ_மதுரை எழுதியது:

அந்தப் பையனைப் பற்றி யாரும் மேலே பேசவில்லையே. பாதம் தொங்கி எவ்வளவு காலமாகிறது? நரம்பு நசுங்கியிருந்தால் திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும், வரவே வராது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நரம்புக் கடத்தல் சோதனை ஒன்று எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பாதம் கீழ்நோக்கித் தொங்கியே இருந்தால் குதிகால் தசைநாண் சுருங்கிவிடும். பிறகு நரம்பு உயிர்பெற்றாலும் பாதம் தூக்க வராது. ஆகவே செருப்புக்குள் போடும் எல் வடிவ பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் உடனே வேண்டும், ராத்திரி தூங்கும்போதும்கூட. தினம் பல தடவை பாதத்தைக் கையால் மேல்நோக்கித் தள்ளிப் பிடிக்கப் பழக்க வேண்டும். ஒட்டிய தோல் காய்ந்து வெடிக்கும், தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடலாம். வெயிலில் காட்டக் கூடாது.

பெரியப்பாவுக்கும் கணுக்கால் பயிற்சி வேண்டும். புண் இருக்கிறது என்று கட்டிலிலேயே போட்டு வைத்திருப்பீர்கள், அதுதான் வழக்கம்.

---

மன்னார்குடி_சம்பா எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள், கட்டிலில்தான் இருக்கிறார். பையனுக்கு இன்னும் ஸ்பிளின்ட் எதுவும் தரவில்லை, கடித்து ஏழெட்டு வாரம் இருக்கும். அவன் அண்ணனிடம் இந்த இழையைக் காட்டினேன். எந்த டாக்டரிடம் போக வேண்டும், எலும்பா, நரம்பா?

இன்னொன்று, பெரியப்பா ஆடு மேய்க்கவாவது போகிறேன் என்று நச்சரிக்கிறார். அனுப்பலாமா?

---

பிசியோ_மதுரை எழுதியது:

பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடலியல் மறுவாழ்வுத் துறை இருக்கும், பிஎம்ஆர் என்று கேளுங்கள். நேராக அங்கே போனால் ஸ்பிளின்டும் அளவெடுத்துக் கொடுப்பார்கள், நரம்புச் சோதனைக்கும் அவர்களே எழுதித் தருவார்கள். ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சீட்டு இரண்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஊனம் நிலைத்துவிட்டால் அடையாள அட்டைக்கும் அந்தக் காகிதம்தான் ஆதாரம்.

---

வார்டு_சிஸ்டர் எழுதியது:

பெரியப்பா புண் மூடும் வரை சேறு, சாணம், ஆட்டுக்கிடை எதற்கும் போகக் கூடாது. வீட்டு வாசலில் நடக்கட்டும். சிறுநீரகத்துக்குச் சொன்ன தேதியில் கிரியாட்டினின் ரத்தச் சோதனை பார்த்துவிடுங்கள், சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று விட்டுவிட வேண்டாம். அப்புறம் மேய்க்கப் போகும்போது முழங்கால் உயரத்துக்கு கம்பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். போட மாட்டேன் என்பார், பெரியம்மாவிடம் சொல்லி வையுங்கள்.